ஆருக்குக் காட்ட?

எங்கள் பகுதிப் பேச்சில் இரண்டே சொற்களால் ஒரு பெண்ணைக் கூனிக்குறுக வைக்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: "ஆருக்குக் காட்ட?" விசேசம் எதுவுமில்லாத நாளில் புதுச்சாரி உடுத்தால் கேட்பார்கள். கலியாண வீடு இல்லாத மாதத்தில் கையில் மருதோண்டி சிவந்திருந்தால் கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் இன்னொரு பெண்தான். தமிழ் படிப்பிக்கிறவன் என்ற வகையில் எனக்கு இந்தக் கேள்வியின் இலக்கணம் முதலில் கண்ணில் படுகிறது. அது நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. ஒரு பெண்ணின் அலங்காரம் என்றால் அதன் மறுமுனையில் 'கு' உருபு ஏற்ற ஒருவர் இருந்தே ஆகவேண்டும், இல்லையேல் வாக்கியம் முடியாது என்று இந்தக் கேள்வி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. புருசன் இருந்தால் பதில் தயாராக இருக்கிறது. இல்லாதவள் என்ன சொல்வாள்?

என் ராத்தாவிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அவருக்கு வயது 48. மச்சான் மௌத்தாகி மூன்று வருடங்கள் கழிந்துவிட்டன. மகன் கட்டாரில், மகள் வீட்டில். ராத்தா தையல் தைத்துச் சீவிக்கிறார். வீட்டு மண்டபத்தில் மெசினுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. சட்டை தைக்கக் கொடுத்த பெண்கள் போட்டுப் பார்ப்பதற்காக வாங்கியது. இருபது வருடங்களாக அந்தக் கண்ணாடியில் மற்றவர்கள் தங்களைப் பார்க்க, ராத்தா வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்று தையல் மடிப்பைப் பார்த்திருக்கிறார். இந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு அவர் தன் முகத்துக்குக் கொஞ்சம் பூசத் தொடங்கினார். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிறீம், அதன்மேல் மெல்லிய பவுடர், கண்ணுக்குச் சுறுமா, உதட்டில் தெரிந்தும் தெரியாத ஒரு நிறம். அவ்வளவுதான். கலியாணத்தன்று யாரோ வந்து சோடித்துவிட்ட அந்த ஒரு நாளைத் தவிர, அவர் முகம் பேபி பவுடரைத் தாண்டி வேறெதையும் கண்டதில்லை.

வயது வந்தபின் ஒன்றைத் தொடங்குவது எவ்வளவு சிரமம் என்பது படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும். பதினாலு வயதுப் பிள்ளைகள் ஒருத்தியின் கண்மையை மற்றவள் பூசிப் பார்த்து, கோணிப்போனால் சிரித்து, கழுவிவிட்டு மறுபடி பூசிப் பழகிக்கொள்கிறார்கள். பிழைவிடுவதற்கு அந்த வயதுக்கு ஊர் கொடுத்திருக்கும் அனுமதி நாற்பத்தெட்டுக்குக் கிடையாது. முதல் நாள் ராத்தாவின் பவுடர் முகத்தில் மாப்பூசினதுபோலவும் கழுத்து வேறோர் ஆளின் கழுத்துப்போலவும் இருந்தது. மகள்தான் பிறகு பாடம் எடுத்தாள். உள்ளங்கைப் பின்புறத்தில் பூசிப் பார்த்து நிறம் தெரிவு செய்யக்கூடாது, தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோடு தெரியாமல் தோலோடு போய்விட்டால் அதுதான் உங்கள் நிறம். கிறீம் ஊறும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். சுறுமாவை முழுக்க இழுக்காமல் கண்ணின் வெளிமூலையிலிருந்து பாதிவரை இமைமயிரின் அடியில் வைத்தால் போதும். உதட்டுக்கு நேரே தேய்க்காமல் விரலில் தொட்டு ஒற்ற வேண்டும். தாய் நாலு தரம் பிழைவிட, மகள் நாலு தரமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். உம்மாவின் முகத்தை அவ்வளவு நேரம் அவ்வளவு கிட்டத்தில் அவள் முன்னொருபோதும் பார்த்திருக்கமாட்டாள்.

நிறம் வாங்கக் கல்முனைக்குப் போன நாளில் அந்தக் குறிப்பு என் சட்டைப்பையில் இருந்தது. பென்சிக் கடையில் மூன்று நிறங்கள் இருந்தன. மூன்றும் ராத்தாவைவிட வெளுப்பு. இன்னும் கொஞ்சம் மாநிறமாக இல்லையா என்று கேட்டேன். "அது ஆரும் எடுக்கிறல்ல சேர், ஆருக்கு, மிஸ்ஸிக்கா?" என்றான் கடைப்பையன். ராத்தாவுக்கு என்றேன். அவன் ஒருகணம் தயங்கி, வயசானவங்களுக்கு நல்ல சோப் இருக்கிறது என்றான்.

இனி விசயத்துக்கு வருவோம். அலங்காரத்துக்கு எதிரான மிகப் பழைய வழக்கு அது ஒரு பொய் என்பதாகும். பிளேட்டோ தமது 'கோர்கியஸ்' உரையாடலில் சோக்கிரட்டீசின் வாயால் இதைச் சொல்கிறார். மருத்துவத்துக்குச் சமையற்கலை எப்படியோ, உடற்பயிற்சிக்கு ஒப்பனை அப்படி. முதலாவது உண்மையான நன்மையைத் தருகிறது, மற்றது அந்த நன்மையின் வேசத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது என்பது அவரது வாதம். செனபனோ ஒரு கணவனின் கதையை எழுதிவைத்திருக்கிறார். இஸ்கோமாக்கஸ் என்ற பணக்காரன், தன் இளம் மனைவி வெள்ளை நிற ஈயப் பொடியைப் பூசி, வேரொன்றின் சாயத்தால் கன்னத்தைச் சிவப்பாக்கி, உயரச் செருப்புப் போட்டு நிற்பதைக் காண்கிறான். என் சொத்தைப் பற்றி நான் உன்னிடம் பொய் சொன்னால், போலி வெள்ளியைக் காட்டினால் உனக்குப் பிடிக்குமா என்று கேட்டு அவளை மடக்குகிறான். பிறகு நல்ல நிறம் வரவேண்டுமானால் மாவைக் குழை, போர்வைகளை உதறி மடி என்று புத்தி சொல்கிறான். அந்தப் பெண்ணைக் கலியாணம் முடிக்கும்போது அவளுக்கு பதினைந்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. நான் இதை ராத்தாவிடம் சொன்னபோது, "ரொட்டி மாக் குழைச்சு நிறம் வாறெண்டா நான் இப்ப ராசாத்தியெல்லோ" என்றார். ஈயப் பொடி நஞ்சு என்ற ஒரு காரணத்துக்காக இஸ்கோமாக்கஸ் சொன்னது நல்ல அறிவுரைதான். அவன் சொன்ன காரணம் அதுவல்ல.

பொய் என்பதற்கு ஏமாற்றப்படும் ஒருவர் வேண்டும். அவருக்கு உண்மையைக் கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவனிடம் ஒட்டுமுடியைச் சொந்த முடியாகக் காட்டினால் அது பொய். வியாபாரத்தில் பழுதான பொருளை வர்ணம் பூசி விற்பதும் அதே வகை. எங்கள் சட்ட அறிஞர்கள் இதற்குத் தத்லீஸ் என்று பெயர் வைத்து, கலியாணத்திலும் கடையிலும் ஒன்றாகவே கண்டித்திருக்கிறார்கள். ஆனால் 48 வயதில் மெசினுக்கு முன்னால் குந்தியிருக்கும் ஒரு பெண் தன் உதட்டில் ஒற்றிக்கொண்ட நிறத்தால் எவரின் எந்த உரிமை பறிபோனது? ராத்தாவின் வயது ஊருக்கே தெரியும். அவர் பிறந்த வருடம் சூறாவளி வருடம். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய அந்தப் புயலை வைத்துத்தான் எங்கள் ஊரில் பலரின் வயதையே கணக்குப் பார்க்கிறார்கள்.

இதில் நான் கவனித்த இன்னொன்று உண்டு. தொழுகிற ஒரு பெண்ணின் ஒப்பனைக்கு ஆயுள் குறைவு. தோலுக்குத் தண்ணீர் படாமல் தடுக்கும் எதுவும் முகத்திலோ நகத்திலோ இருந்தால் வுழூ நிறைவேறாது. மருதோண்டி பரவாயில்லை, அது தோலில் ஊறிய சாயம், படலமில்லை. நகப்பூச்சு படலம். மெழுகுச் சேர்மானமுள்ள உதட்டு நிறமும் அப்படியே. ஆகவே காலையில் பூசியது லுஹருக்கு முன் போய்விடும். பின்னேரம் யாராவது வருவதாக இருந்தால் மறுபடி கொஞ்சம். அது அஸரோடு முடிந்துவிடும். பிளேட்டோவின் குற்றச்சாட்டை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரவல் அழகில் மயங்கித் தன் சொந்த முகத்தை மறந்துபோவாள் என்பது அந்தப் பயம். ஒரு நாளைக்கு ஐந்து தரம் எல்லாவற்றையும் கழுவிவிட்டு வெறும் முகத்தோடு தொழுகைப் பாயில் நிற்கிறவள் எப்படி மறப்பாள்? நடிகை ஒருத்திக்கு வேண்டுமானால் அந்த ஆபத்து இருக்கலாம்.

மார்க்கச் சட்டத்தின் பக்கத்திலிருந்து வருகிற ஆட்சேபனையை நான் எளிதாகத் தட்டிவிட விரும்பவில்லை. நாங்கள் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். இமாம் நவவி தமது ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் முகத்தைச் சிவப்பாக்குவது பற்றித் தம் மத்ஹபினரின் கருத்தைப் பதிவு செய்கிறார். கணவன் உள்ளவள் அவனது அனுமதியோடு செய்தால் ஆகும். கணவன் இல்லாதவள் செய்தால் ஆகாது. இது எழுதப்பட்டிருக்கிறது. இல்லையென்று சொல்ல முடியாது. நான் ஆலிம் அல்ல. இதன் காரணம் ஏமாற்றுதலா, பிற ஆண்களின் பார்வையா, அந்தக் காரணம் இல்லாத இடத்தில் சட்டம் எப்படி நிற்கும் என்பதை அதற்குரியவர்கள் பேசட்டும். ஏனைய அறிஞர்களும் இருக்கிறார்கள். சூறத்துந் நூரின் 31ஆம் வசனத்தில் வெளியில் தெரியக்கூடிய அலங்காரத்துக்கு அளிக்கப்பட்ட விலக்கை விளக்கும்போது கண்ணின் சுறுமாவையும் கைமோதிரத்தையும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் குறிப்பிட்டதாகத் தபரியின் தப்ஸீரில் வருகிறது. நான் சொல்ல வருவது வேறு. நவவி இமாம் கணவனில்லாதவளின் முகச்சிவப்பைப் பற்றிப் பேசும் அதே வாக்கியத்தில் கறுப்புச் சாயத்தையும் சேர்த்தே பேசுகிறார். ஆண்கள் தலைக்கும் தாடிக்கும் கறுப்பு அடிப்பது ஹராம் என்பதே அவர் சரிகண்ட முடிவு. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூகுஹாபா வெள்ளைப் பூப்போன்ற தலையோடும் தாடியோடும் கொண்டுவரப்பட்டார். இதை மாற்றுங்கள், கறுப்பைத் தவிருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் ஊர்ச் சலூனில் வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் வரிசையில் குந்தியிருந்து கறுப்பு டை அடித்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போகிறார்கள். மார்க்கம் அறிந்தவர்கள், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள், இரண்டு மூன்று பேர் என் முன்னாள் அதிபர்கள். எவரிடமும் எவரும் "ஆருக்குக் காட்ட?" என்று கேட்டதை நான் கேட்டதில்லை. ஒருவர் பேரப்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதில் இருக்கிறார். அவரது தாடி என்னுடையதைவிடக் கறுப்பு. ஆகவே ராத்தாவிடம் கேட்கப்பட்ட கேள்வி கிதாபிலிருந்து வந்ததல்ல என்று நான் எண்ணுகிறேன். கிதாபிலிருந்து வந்திருந்தால் அது சலூனுக்கும் போயிருக்கும்.

எண்ணம் பற்றிய ஆட்சேபனை இதைவிட நுட்பமானது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவின் 37ஆவது நூலில் நறுமணத்தை உதாரணமாக எடுக்கிறார். வெள்ளிக்கிழமை ஒருவன் அத்தர் பூசிக்கொள்கிறான். அதைத் தன் செல்வத்தைக் காட்டப் பூசலாம், அந்நியப் பெண்களின் மனதைக் கவரப் பூசலாம். நபிவழி என்றும், அல்லாஹ்வின் வீட்டுக்கான மரியாதை என்றும், பக்கத்தில் இருப்பவருக்கு இதமாக இருக்கட்டும் என்றும் பூசலாம். போத்தல் ஒன்றே, மணமும் ஒன்றே. பூசியவனின் உள்ளத்தில்தான் எல்லாம் மாறுகிறது. இது ஆழமான பேச்சு. இருந்தும் இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு ஒரு இடைவெளி தெரிகிறது. ராத்தா சொன்ன பதில் இதில் எங்கே போய் அமரும்?

நானும் கேட்டேன்தான், ஊர் கேட்ட மாதிரியல்ல. ராத்தா மெசினை நிறுத்தாமல் சொன்னார்: "ஆருக்கு எண்டு கேட்டா நான் என்ன செல்ற தம்பி. மச்சான் போனதுக்குப் பொறகு எனக்கு எந்தக் காலையும் விடிஞ்சாப் போல இரிக்கல்ல. இதைப் பூசிட்டு வந்து குந்தினா, ஒரு வேலைக்கு வந்து குந்தின மாதிரி இரிக்கி."

இதை 'தனக்காக' என்ற சொல்லில் போட்டுவிடலாமா? அந்தச் சொல்லை விளம்பரக்காரர்கள் நன்றாகப் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். உனக்காக நீ அழகாக இரு என்று சொல்லிச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதனால் அந்தச் சொல்லின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஸல்மான் அல்-பாரிஸி (ரழி) அவர்களின் சம்பவம் ஒன்று புகாரியில் இருக்கிறது. அவர் தம் சகோதரராக இணைக்கப்பட்ட அபூதர்தாவின் வீட்டுக்குப் போகிறார். உம்முதர்தா அழுக்கு உடையில் அக்கறையற்றுக் காணப்படுகிறார். ஏன் இந்தக் கோலம் என்று கேட்கிறார் ஸல்மான். உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் தேவை எதுவுமில்லை என்கிறார் அந்தப் பெண்மணி. பிறகு ஸல்மான் அபூதர்தாவிடம் உன் இரட்சகனுக்கு உன்மேல் உரிமை உண்டு, உன் ஆன்மாவுக்கும் உரிமை உண்டு, உன் குடும்பத்துக்கும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமையைக் கொடு என்ற கருத்தைச் சொல்கிறார். ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உரிமையுள்ளவர்களின் இந்த வரிசையில் ஒருவருடைய சொந்த நப்ஸும் இருக்கிறது என்பதை நாங்கள் பயான்களில் விரைவாகக் கடந்துபோகிறோம். ராத்தா சொன்னதை நான் இந்த இடத்தில் வைத்து விளங்கிக்கொள்கிறேன். மேசையில் பூ வைப்பது போன்ற ஆசை என்று அதைச் சொல்ல முடியாது. மூன்று வருடமாகக் கொடுக்கப்படாமல் கிடந்த ஒரு கடன் அது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒப்பனைக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும். கடையில் மாநிறம் இல்லாமற்போனதற்குப் பின்னால் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள் "வெள்ளப் புள்ளயா?" என்று முதலில் கேட்கிறார்கள், சீதனத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவர்கள்கூட இதைக் கேட்க வெட்கப்படுவதில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து பிள்ளைகள் தோல் வெளுக்கும் கிறீம்களைப் பூசுகிறார்கள். அவற்றுள் சிலவற்றில் இரசம் கலக்கப்படுகிறது. அது தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது, உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 2013இல் ஜப்பானின் குமமோட்டோ நகரில் கைச்சாத்திடப்பட்ட மினமாட்டா சமவாயம், பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசமுள்ள அழகுசாதனங்களை 2020க்குள் ஒழிக்க வேண்டுமென்றது. பெட்டியில் உற்பத்தியாளரின் விலாசமே இல்லாத டப்பாக்களுக்குச் சமவாயம் தெரியாது. சுறுமாவிலும் கவனம் வேண்டும். பழைய நூல்கள் புகழும் இஸ்மித் அந்திமனிக் கல் என்பார்கள். அந்தப் பெயரில் இன்று விற்கப்படும் பல கற்கள் ஈயச் சல்பைட்டு. குழந்தைகளின் கண்ணில் அதைத் தீட்டும் வழக்கத்தை எங்கள் தாய்மார் விட்டுவிட வேண்டும். ராத்தாவுக்கு மகள் எடுத்த முதற்பாடம் தாடையோரத்தில் கோடு மறைய வேண்டும் என்பது. தன் நிறத்தைத் தேடிப் பூசுவதற்கும் தன் நிறத்திலிருந்து தப்பியோடப் பூசுவதற்கும் இடையிலுள்ள தூரம் அந்தக் கோட்டின் அளவுதான். ஆனால் இரண்டாவதை ஊர் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே 'ஆருக்கு' என்பதற்குப் பதில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு.

பெண்ணின் முகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் அவசரகாலச் சட்டவிதியின் கீழ் முகம் மூடுவது சில மாதங்கள் தடைசெய்யப்பட்டபோது அரசியல்வாதிகளும் ஊடகங்களும் எங்கள் தலைவர்களும் அந்த முகங்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். முகத்துக்குச் சொந்தக்காரிகள் எவ்வளவு பேசினார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியாக, அந்தக் கேள்வியின் அடியில் கிடக்கும் சந்தேகத்தையே நேராக எடுத்துக்கொள்வோம். விதவையொருத்தி பூசினால், மறுபடி முடிக்கிற எண்ணம் வந்துவிட்டதோ என்பதுதான் ஊரின் உண்மையான கேள்வி. சரி, வந்தால்? ஸுபைஆ அல்-அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் கணவர் ஸஃத் இப்னு கவ்லா விடைபெறும் ஹஜ்ஜின்போது வபாத்தானார். ஸுபைஆ அப்போது கர்ப்பிணி. சில நாட்களில் பிள்ளை பிறந்தது. பிரசவ இரத்தம் நின்றதும் அவர் பெண் கேட்டு வருவோருக்காகத் தன்னை அலங்கரித்துக்கொண்டார். அறிவிப்பில் அந்தக் காரணமே சொல்லப்பட்டிருக்கிறது, எவரும் அதை மறைக்கவில்லை. அபூஸ்ஸனாபில் என்பவர் வந்து, என்ன இந்த அலங்காரம், கலியாணம் முடிக்க நினைக்கிறாயோ, நாலு மாதமும் பத்து நாளும் கழியும்வரை உனக்கு முடியாது என்று கண்டித்தார். அவரும் அவரைப் பெண் கேட்டவர்தான், அவர் மறுத்துவிட்டார் என்று வேறோர் அறிவிப்பு இருக்கிறது. ஸுபைஆ அன்று மாலையே உடையை எடுத்துச் சுற்றிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் போனார். பிள்ளை பிறந்தபோதே உன் இத்தா முடிந்துவிட்டது, விரும்பினால் முடித்துக்கொள் என்பதே தீர்ப்பு. அலங்கரித்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சூறத்துல் பகறாவின் 234ஆம் வசனமும் தவணை முடிந்த பெண்கள் தங்கள் விடயத்தில் முறையாகச் செய்துகொள்வதில் உங்கள்மேல் குற்றமில்லை என்ற கருத்தில்தான் முடிகிறது. அந்த 'உங்கள்மேல்' ஆண்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பல விரிவுரையாளர்கள் அதில் அலங்காரத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

ராத்தாவின் மனதில் அப்படியொரு எண்ணம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. மகன் கட்டாரிலிருந்து வீடியோவில் கதைத்தபோது, உம்மா சுகமாகத் தெரியிறீங்க என்று சொன்னானாம். பவுடரை அவன் கவனிக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தைக்க வேண்டிய சட்டைகள் பதினேழு இருக்கின்றன. நிறம் இன்னும் கிடைக்கவில்லை. இருப்பதில் இரண்டைக் கலந்து ஒருமாதிரிச் சமாளிக்கிறார்.